அவர் தாமதித்தால்

பாய்லர்காரர் ஊரைவிட்டுக் கிளம்ப, திங்களையும் சேர்த்து எண்ணினால், ஆறு நாள் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வண்டி. திங்கட்கிழமை காலை அவரே மடிப்பு மேசைக்கு வந்து சொன்னார்.

சலவைக்கூடத்தில் அந்த நேரம் பேசுவதற்கு ஏற்றதில்லை. ஆஸ்பத்திரி விரிப்புகள் ஈரத்தோடு ரோலரின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் சூடாக வந்துகொண்டிருந்தன. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, விறைப்பாக இழுத்து, நீளவாக்கில் மடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வரவேண்டும். விரல்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் ஒருத்தி மூலைகளை மற்றவளிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து மடிப்பைப் பிடிப்பாள். அடுத்த விரிப்பு அதற்குள் வந்துவிடும். யாரும் யாருக்காகவும் நிற்க முடியாது.

“உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்” என்றார் பாய்லர்காரர்.

மேசையின் அந்தப் பக்கம் நின்ற அக்காவுக்கு ரேடியோ என்று பேர். காலையில் உள்ளே நுழையும்போது தொடங்கினால் சங்கு ஊதும்வரை ஓயமாட்டாள். “நான் காதைப் பொத்திக்கிறேன். நீங்க கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றாள்.

பாய்லர்காரர் சிரிக்கவில்லை. ஐம்பது வயது ஆள். புருவம் பாதி தீய்ந்திருக்கும். மனைவி இறந்து நாலு வருஷம். ஒரே மகன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான்.

“கடலோரமா ஒரு ஊர்ல பெரிய லாண்டரி. புது பாய்லர். வீடு தர்றாங்க, ரெண்டு ரூம். ஒரு ரூம் உங்க அப்பாவுக்கு. முன்னாடி கேட்டதத்தான் திரும்பக் கேக்கறேன். கேள்வி அதேதான். கேக்கற ஆளுதான் கொஞ்சம் தேஞ்சு போயிருக்கேன்.”

பாப்பாவின் கையிலிருந்து விரிப்பின் ஒரு மூலை நழுவியது.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு வீட்டில் பாப்பா என்று பேர். சலவைக்கூடத்தில் வைத்த பேர் வேறு. தாமதம். “தாமதம் வந்துட்டாளா?” “தாமதத்துக்கு டீ சொல்லு.” இத்தனைக்கும் இருபத்து நாலு வருஷ வேலையில் அவள் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. பேர் அவள் வாயிலிருந்து வந்தது. நாளைக்கு வர்றியா என்று கேட்டால், “வர்றேன், அவர் தாமதிச்சா” என்பாள். அடுத்த மாசம் துணி எடுக்கணும், அவர் தாமதிச்சா. பல்லைப் பிடுங்கணும், அவர் தாமதிச்சா. ஆண்டவர் எந்த நாழிகையிலும் திரும்பி வருவார். நாளையைப் பற்றிப் பேசுகிற விசுவாசி அந்த இரண்டு வார்த்தையைச் சேர்க்காமல் பேசக்கூடாது. அவர்களுடைய சின்னச் சபையில் அது வழக்கம். மற்றவர்கள் தும்மினால் வாயை மூடிக்கொள்வதுபோல, இவர்கள் எதிர்காலத்தைச் சொன்னதும் அதைச் சொல்லி மூடிக்கொள்வார்கள்.

“அப்பாவக் கேட்டுச் சொல்றேன்” என்றாள்.

“கேளுங்க. சனிக்கிழமைக்குள்ள சொன்னாப் போதும்.” திரும்பியவர் ஒரு எட்டு நின்றார். “அவர் தாமதிச்சா.”

கிண்டலா, மரியாதையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் போனதும் ரேடியோ அக்கா காதிலிருந்து கையை எடுக்கிற பாவனை செய்தாள்.

“ஏண்டி, கடலாமே!”

“அக்கா, மூலையப் பிடிங்க.”

“நான் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். நீதான் எதையும் பிடிக்க மாட்டேங்கற.”

*

பாப்பாவின் அப்பா கொத்தனார். ஊரில் பாதிக் கட்டடம் அவர் கை பட்டது. அவருடைய சொந்த வீடு மட்டும் முடியவில்லை.

அவளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அவர் அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே இரண்டு அறை எழும்பி, கூரை போட்டு, மாடிக்குப் படிக்கட்டும் கட்டியாகிவிட்டது. அந்த வருஷம்தான் அவர் சபையில் சேர்ந்தார். வருகை நெருங்கிவிட்டது, அடையாளங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டன, ஆண்டுகள் இல்லை, மாதங்கள்தான் என்றார் மூத்த சகோதரர். கொத்தனார் மறுநாள் கரண்டியைக் கழுவித் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். கூலிக்குப் போகிற வேலைக்கு வேறு கரண்டி. சொந்த வீட்டுக்கு இனி சாந்து குழைக்கப் போவதில்லை. மாடி எழும்பி முடிவதற்குள் அவர் வந்துவிடுவார். பிறகு அதில் யார் இருப்பது?

அப்படியே நின்றது வீடு. பூசாத செங்கல் சுவர். பதினாறு படி ஏறினால் வானம். மொட்டைக் கூரையின் நாலு மூலையிலும் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. பின் அறை ஜன்னல் ஓட்டைக்கு ஒரு பெட்டியின் பலகையை வைத்து நாலு ஆணி அடித்தார். இப்போதைக்கு என்றார். அந்த இப்போதைக்கு முப்பத்தேழு வருஷம் ஆகிவிட்டது.

ஜன்னலுக்குக் கண்ணாடி கேட்டவள் அம்மா. காற்று ஈட்டி மாதிரி வருகிறது என்பாள். “அடுத்த மாசம் பாக்கலாம், அவர் தாமதிச்சா” என்பார் இவர். அம்மா கட்டிலை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மாற்றினாள். அங்கேயும் காற்று வந்தது. திரும்ப மாற்றினாள். பாப்பாவுக்குப் பதினேழு வயதானபோது நெஞ்சுச் சளி முற்றி அம்மா செத்துப்போனாள். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் பலகையைப் பார்த்துக்கொண்டே, “இந்த ஆணிங்க என்னைவிடக் கெட்டி” என்றாள்.

சிறுவயதில் பாப்பாவுக்கு நேரம் மிகவும் பெரிதாக இருந்தது. ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீடு திறந்து கிடந்தது, உள்ளே ஆள் இல்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் செருப்பு வாசலில் கிடந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. அவர் வந்து எல்லோரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று காலை பென்சில் திருடியதற்காகத் தன்னை விட்டுவிட்டார். மேல்படியில் போய் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தாள். அழக்கூட இல்லை. இனி யாரும் இல்லாத உலகத்தில் எப்படிச் சோறு பொங்குவது என்று யோசித்தாள். அம்மா பக்கத்து வீட்டிலிருந்து உப்புக் கிண்ணத்தோடு வெறுங்காலில் வந்தாள். “கால் மணி நேரம்கூட ஆகலையேடி, ஏன் இப்படி வெளுத்துப் போயிருக்க?” என்றாள்.

அதற்குப் பிறகு வந்த பத்து வருஷத்தைக் கூட்டினாலும் அந்தக் கால் மணி நேரத்தின் நீளம் வராது.

ஒன்பது வயதுக்காரிக்கு ஒரு வருஷம் என்பது அவள் வாழ்ந்ததில் ஒன்பதில் ஒரு பங்கு. அது தீருவதே இல்லை. எழுபத்தெட்டு வயது அப்பாவுக்கு அது எழுபத்தெட்டில் ஒரு துண்டு, வாயில் போட்டதும் கரைந்துவிடுகிறது. கணக்கு இவ்வளவுதான். ஆனால் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கும் சரியாக வராது. முப்பதுவரை அவளுக்கு ஒவ்வொரு நாளும் கடைசி நாள். அதனால் எந்த நாளும் முதல் நாளாக இருக்கவில்லை. முப்பதுக்குப் பிறகு வருஷங்கள் ரோலரில் நுழைகிற விரிப்பு மாதிரி ஆகிவிட்டன. ஒரு பக்கம் ஈரமாகப் போய் மறுபக்கம் தட்டையாக வந்தன. அவள் மடித்து அடுக்கினாள்.

இப்போது ஆறு நாள் கிடைத்திருக்கிறது. கையில் எடுத்து எடை பார்க்கலாம் போலிருந்தது.

*

திங்கள் சாயங்காலம் ரொட்டியும் உருளைக்கிழங்கு சூப்பும் வைத்துவிட்டுக் கேட்டாள்.

“அப்பா, பாய்லர்காரர் ஊரைவிட்டுப் போறார்.”

“எவன்?”

“முன்னாடி நம்ம வீட்டுக்கு வந்தாரே.”

“அவனா? இப்பத்தானே வந்துட்டுப் போனான்.”

“அது இருபத்திரண்டு வருஷம் ஆச்சுப்பா.”

“அவ்வளவா?” கொத்தனார் கரண்டியை நிறுத்தி யோசித்தார். “மழை நாள் அது. செருப்ப வெளியில விட்டுட்டு உள்ள வந்தான். ஒத்தச் செருப்பு தண்ணில போயிருச்சு. ஒத்தச் செருப்போட நொண்டிட்டுப் போனான் பாவம்.”

அந்த மழை நாளில் அப்பா சொன்னதும் அவளுக்கு நினைவு இருந்தது. காலம் ரொம்பக் கொஞ்சம் தம்பி, இந்த நேரத்துல கல்யாணம் காட்சி எதுக்கு, அவளும் அதேதான் நினைக்கிறா, வேணும்னா அவளையே கேளுங்க. பாய்லர்காரர் அவளைப் பார்த்தார். இருபத்து நாலு வயது அவளுக்கு. “ஆமாங்க, நேரமில்லை” என்று அவளே வாயால் சொன்னாள். உண்மையாகவே நேரமில்லை என்று நம்பினாள்.

“திரும்பக் கேக்கறார்ப்பா.”

“எதை?”

“அதையேதான்.”

கொத்தனார் ரொட்டியைப் பிய்த்து சூப்பில் போட்டு, அது ஊறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கும் ஒரு ரூம் இருக்காம். கடல் தெரியுமாம். சனிக்கிழமை வண்டி.”

“இன்னைக்கு என்ன கிழமை?”

“திங்கள்.”

“அப்ப இருக்கே. பாக்கலாம். அவர் தாமதிச்சா.”

*

செவ்வாய் முழுக்க நகரவே இல்லை. புதன் சாயங்காலம் சபை. முன்பு அறுபது பேர் வந்த இடம். இப்போது ஏழு பேர், இருபது நாற்காலி. மூத்த சகோதரருக்கு எண்பத்திரண்டு. நின்று ஜெபிக்க முடியாமல் உட்கார்ந்து ஜெபித்தார். வருகை வாசற்படியில் நிற்கிறது என்றார். பாப்பாவின் பக்கத்தில் கொத்தனார் தலை குனிந்திருந்தார். எல்லோரும் ஆமென் சொன்ன பிறகு ஒரு மூச்சு கழித்துத்தான் அவருடைய ஆமென் வரும். வயசாகிவிட்டது, காது மந்தம் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

கூட்டம் முடிந்ததும் மூத்த சகோதரர் அவளைக் கூப்பிட்டார். செய்தி அதற்குள் போயிருந்தது.

“சகோதரி, இவ்வளவு தூரம் வந்துட்டோம். கரை தெரியற நேரத்துல படகு மாறக்கூடாது. இருக்கற இடத்துல இருங்க.”

“சரிங்க.”

“எனக்கும் சாப்பாடுதான் கஷ்டமா இருக்கு. பல் செட்டுக்கு அளவு குடுத்திருக்கேன். ரெண்டு மாசம் ஆகுமாம். அவர் தாமதிச்சா.”

வியாழன் காலை மேசையில் இதைச் சொன்னபோது ரேடியோ அக்கா விரிப்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். மடிப்பறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“பல்லு வர்றவரைக்கும் தாமதிப்பாரு! உன் கல்யாணம்னா மட்டும் அவசரமா வந்துருவாரா?”

“அப்படிப் பேசாதீங்கக்கா.”

“நான் சாமியப் பேசல. நானும் வாரா வாரம் கோயிலுக்குப் போறவதான். எங்க ஃபாதர் வருகையப் பத்திச் சொல்லாமலா இருக்காரு? ஆனா போன மாசம்தான் மணிக்கூண்டுக்கு வெள்ளையடிச்சாரு. வர்றவரு வரட்டும்டி. வர்றப்போ நீ அடுப்படியில இருந்தா என்ன, கடல்ல கால நனைச்சிட்டு நின்னா என்ன? அவருக்கு உன்னை அடையாளம் தெரியாமப் போயிருமா?”

பாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கொத்தனார் படிக்கட்டில் ஆறாவது படியில் உட்கார்ந்திருந்தார். மழை வரும் போலிருந்தது. அவள் நாலாவது படியில் உட்கார்ந்தாள்.

“அப்பா, சொல்லுங்க. நாளைக்கு நான் அவருக்குப் பதில் சொல்லணும். எனக்குப் போகணும்னு இருக்கு.”

அப்படி ஒரு வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் சொன்னதில்லை. சொன்ன பிறகு காதில் அது யாரோ பேசின மாதிரி கேட்டது.

கொத்தனார் செங்கல் இடுக்கில் முளைத்திருந்த புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

“நீ போம்மா. நான் வர மாட்டேன்.”

“உங்கள விட்டுட்டு எப்படிப்பா? போன மாசம் ரெண்டு தடவ விழுந்தீங்க. அடுப்ப அணைக்க மறந்துட்டீங்க.”

“உங்க அம்மா இங்க கிடக்கா.” கல்லறைத் தோட்டம் இருக்கிற பக்கம் முகவாயை நீட்டினார். “எக்காளம் ஊதறப்போ குழியெல்லாம் திறக்கும். எழும்பி உட்கார்ந்து முதல்ல யாரத் தேடுவா? என்னத்தான். நான் எங்கயோ கடல்ல நின்னுட்டிருந்தா? உயிரோட இருக்கறப்போதான் ஒரு ஜன்னலுக்குக்கூட வழி பண்ணல. எழும்பறப்பவாவது பக்கத்துல இருக்கணும்ல. அதுக்கு ரொம்ப நாள் இல்ல, பாப்பா. அவ்வளவுதான் நான் கேக்கறது.”

அவர் கண் கலங்கியிருந்தது. அவளும் அழுதாள். இதற்கு எதிராக என்ன பேசுவது? வேறு எதைச் சொல்லியிருந்தாலும் சண்டை போட்டிருப்பாள். முதல் தூறல் விழுந்தது. கையைப் பிடித்து, ஆறு படியும் மெதுவாக இறக்கி உள்ளே கூட்டிப்போனாள்.

*

வெள்ளிக்கிழமை பாய்லர் அறைக்குப் போய்ச் சொன்னாள். உள்ளே ஆள் உயரத்துக்கு வெப்பம் நின்றது. பாய்லர்காரர் பீடத்தில் உட்கார்ந்து ரொட்டிக்குள் முட்டையை வைத்துத் தின்றுகொண்டிருந்தார். அவள் சொல்லச் சொல்ல மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

“அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருக்கறப்போ நான் எப்படிக் குறை சொல்றது” என்றார். பிறகு, “உங்களுக்கு?” என்றார்.

“எனக்கென்ன?”

“உங்களுக்கும் அந்த நம்பிக்கைதானா?”

 அந்த நம்பிக்கை ரோலர் சத்தம் மாதிரி. நின்றால்தான் ஓடிக்கொண்டிருந்தது தெரியும். அது நின்றதாக அவளுக்கு நினைவில்லை.

“ஆமாங்க” என்றாள்.

அவர் பாதி ரொட்டியைத் தாளில் சுற்றி வைத்தார். “போன தடவ ஒரு செருப்போட போனேன். இந்தத் தடவ ரெண்டும் இருக்கு. பரவாயில்ல” என்று சிரிக்கப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டுக்கு அவள் மேசையில்தான் இருந்தாள். அவர் இடத்துக்குப் புதிதாக வந்த ஆளுக்குப் பாய்லர் பழக்கமில்லை. ஆவி குறைந்து, விரிப்புகள் ஓரமெல்லாம் ஈரத்தோடு வந்தன. ரேடியோ அக்கா ஒரு வார்த்தை பேசாமல் ஒவ்வொன்றையும் எடுத்துத் திரும்ப ரோலரில் விட்டாள். அன்று சாயங்காலம்வரை அவள் வாய் திறக்கவில்லை. அது எல்லோரையும் பயமுறுத்தியது.

*

திங்கட்கிழமை வேலை முடிந்து வீடு திரும்பியபோது பின்பக்கம் தட்டுகிற சத்தம் கேட்டது.

கொத்தனார் பலகையைப் பிடுங்கிவிட்டிருந்தார். ஓட்டை வழியாக வெளிச்சம் அறைக்குள் ஒரு பெரிய துண்டாக விழுந்து கிடந்தது. கட்டிலின் காலில் இருந்த கீறல்கள், சுவரில் அம்மா தலை சாய்த்த இடத்தில் படிந்த எண்ணெய்க் கறை, எல்லாம் தெரிந்தன. தரையில் அரை மூட்டை சிமெண்ட், குவித்த மணல். சாய்த்து வைத்த புது ஜன்னல் சட்டம், கண்ணாடியோடு. பழைய கரண்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. துரு தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

“வந்துட்டியா? அந்தப் பக்கம் பிடி. நேரா இருக்கா பாரு.”

அவள் கைப்பையை இறக்காமலே பிடித்தாள். சின்ன வயதில் அப்படித்தான் பிடிப்பாள். அவர் தூக்குக்குண்டு நூலைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கை நடுங்கியது. ஆனால் சாந்தை அள்ளி இடுக்கில் அடிக்கும்போது நடுக்கம் நின்றுவிட்டது. ஒரு அடியில் உள்ளே போய்ப் படிந்தது. வழிந்ததைக் கரண்டி ஓரத்தால் வழித்துத் திரும்ப அடித்தார். வாயில் ஏதோ பாட்டு. அவர் முணுமுணுத்துப் பாடி அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

“என்னப்பா திடீர்னு?”

“குளிருதுல்ல? நேத்து மழைல சாரல் கட்டில் வரைக்கும் வந்துச்சு. இனிமே வராது. ஏழு நாள் தண்ணி காட்டணும். காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ ஊத்து, வெடிப்பு விடாம இருக்கும். இது இறுகட்டும். அடுத்த மாசம் உள்ள பூசிரலாம். படிக்கட்டுக்கு ஒரு கைப்பிடி வைக்கணும், அடுத்த வருஷம் மாடில ஒரு ரூம் எடுத்தா நீ அங்க படுத்துக்கலாம், காத்து நல்லா வரும்…”

பாப்பா காத்திருந்தாள்.

அந்த இரண்டு வார்த்தைக்காகக் காத்திருந்தாள். ஏழு நாளுக்கும் வரவில்லை. அடுத்த மாசத்துக்கும் வரவில்லை. அடுத்த வருஷத்தையும் அவர் சொல்லி முடித்துவிட்டு அடுத்த கரண்டி சாந்தை அள்ளினார். தும்மிவிட்டு வாயை மூட மறந்த மனிதரைப் போல இருந்தார்.

“அடுத்த வருஷமா?” என்றாள்.

“ஆமா.”

“அப்பா.”

“பிடிச்சிக்கோ, விடாத. சாந்து பிடிக்கல இன்னும்.”

“நீங்க சொல்ல மறந்துட்டீங்க.”

“என்ன?”

“எப்பவும் சொல்றது.”

கரண்டி நின்றது. கொத்தனார் திரும்பவில்லை. புதுக் கண்ணாடியில் அவர் முகம் மங்கலாகத் தெரிந்தது, அதற்குப் பின்னால் அவள் முகமும். அவர் அவசரமாக, “அவர் தாமதிச்சா” என்றார். கடைக்காரன் மீதிச் சில்லறையைத் தள்ளுவதுபோல.

“எப்போலருந்துப்பா?”

“எது எப்போலருந்து?”

“சும்மா சொல்றது.”

“கிறுக்கு மாதிரி பேசாத. போய் டீ போடு.”

“கையை விட்டா சட்டம் சாய்ஞ்சிரும்னு நீங்கதான் சொன்னீங்க. நான் எங்கயும் போகல. சொல்லுங்க.”

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பலகை இருந்தவரை அந்தச் சத்தம் இவ்வளவு தெளிவாக உள்ளே வந்ததில்லை. கொத்தனார் கரண்டியைச் சாந்துச் சட்டியில் குத்தி வைத்தார். மெதுவாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

“ஒண்ணும் பெருசா நடக்கல. சாரத்துல நின்னுட்டிருந்தேன். மேல கடைசி வரி செங்கல் வச்சிட்டிருந்தேன். ஊரே கீழ கிடந்துச்சு. இன்னைக்கு வந்தா நான்தான் முதல்ல பாப்பேன்னு நினைச்சு நிமிர்ந்து பாத்தேன். வெறும் வானம். தினமும் பாக்கற அதே வானம்தான். ஆனா அன்னைக்கு அது வெறும் வானமா இருந்துச்சு. இறங்கி வந்து கைகால் கழுவிட்டு சபைக்குப் போனேன். ஆமென்னு சொன்னேன். சொல்லிட்டே இருந்துட்டேன்.”

“எந்தக் கட்டடம்?”

“அதெல்லாம் இப்ப எதுக்கு?”

“எந்தக் கட்டடம்ப்பா?”

கொத்தனாருக்கு வருஷம் நிற்காது. ஆனால் கட்டடம் மறக்காது. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால்தான் சொல்லத் தயங்கினார்.

“உங்க லாண்டரிக்குப் புகைபோக்கி எடுத்தோமே. அது.”

பாப்பாவின் கைகள் சட்டத்தைப் பிடித்தபடியே இருந்தன. புகைபோக்கி எழும்பிய அடுத்த வருஷம் அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் அந்த மழை நாள்.

“அப்ப அந்த மழை நாள்ல?” அவள் குரல் சாதாரணமாக இருந்தது. “நேரமில்லன்னு அவர்கிட்டச் சொன்னீங்களே. போன வியாழக்கிழமை அம்மா எழும்புவான்னு சொன்னீங்களே. அப்போ?”

கொத்தனார் தன் கையைப் பார்த்துக்கொண்டார். விரலிடுக்கில் சிமெண்ட் காய்ந்து வெளுக்கத் தொடங்கியிருந்தது.

“ரெண்டு தடவையும் எனக்கு நம்பிக்கை இல்ல, பாப்பா” என்றார். “ஆனா உனக்கு இருந்துச்சு. அது போதும்னு விட்டுட்டேன்.”